முதல் வாய் ஏகாம்பரத்துக்கு

சைதாப்பேட்டையிலிருந்து ஏகாம்பரத்தின் மருமகன் சைக்கிளில் வந்து, "மாமா காத்தால பூட்டாரு சார்" என்றான். கையிலிருந்த பருப்பை அப்படியே மூட்டையில் போட்டேன். அடையாறு பயிற்சி விடுதியில் அவர் கையால் சாப்பிட்ட உங்களுக்காக இந்த இரங்கலை எழுதுகிறேன். அங்கே சமைப்பது அவர் வேலை, கவலைப்படுவது மேற்பார்வையாளனான என் வேலை.

சமோவா தீவிலிருந்து படிக்க வந்த தவீத்தாவை நினைவிருக்கும். சாம்பாரைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுவான். பத்தே நாளில் சட்டை தொளதொளத்துப் போய், ஊருக்கே திரும்புகிறேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டான். போனால் அவன் படிப்பு போச்சு. எனக்கோ தூக்கம் போச்சு. ஏகாம்பரம்தான் அவனிடம் போய், உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று சைகையில் கேட்டார்.

சேம்பு இலையில் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் வைத்து, வாழையிலையில் பொட்டலம் கட்டி, பழுக்கச் சுட்ட கற்களின்மேல் அடுக்கி, இலைகளால் மூடிவிட வேண்டுமாம். அதற்குப் பெயர் பாலுசாமி. சேம்பு இலை அரைவேக்காடானால் தொண்டையை அரித்து எடுத்துவிடும். அரிப்பை முறிக்கக் கொஞ்சம் புளியாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். "அவன் கேக்கறது அவங்க ஊட்டு சோறு சார். புளி ஊத்தினா நம்ம ஊட்டு சோறு ஆயிடும்" என்றார்.

ஆற்றங்கரையில் பொறுக்கிய கற்களை, ஈரக்கல் வெடிக்கும் என்று தவீத்தா ஒதுக்கிவிட்டான். கட்டட வேலைக்கு வந்த கருங்கல்லை மூன்று நாள் வெயிலில் காயவைத்தோம். மூன்று நாளும் அவன் பெட்டி கட்டியபடியே இருந்தது.

மூடிய பிறகு கிளறவும் முடியாது, ருசி பார்க்கவும் முடியாது. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்ததும் நாற்பது பேர் தட்டோடு நின்றார்கள். ஏகாம்பரம் தடுத்தார். "மொதல் வாய் எனுக்கு. கால் மணி நேரம் எவனும் தொடாத."

ஒரு வாய் விழுங்கிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு எழுந்து, இன்னும் ஒரு மணி நேரம் என்று விரலைக் காட்டிவிட்டு, புதிதாகக் கங்கு போட்டுக் கற்களைச் சுடவைத்து, எல்லாவற்றையும் மறுபடி மூடினார். இரண்டாம் முறையும் அவர்தான் முதலில் சாப்பிட்டார். அப்புறம் தவீத்தா நான்கு பொட்டலங்களைச் சாப்பிட்டான். சாப்பிடும்போதே அழுதான். அன்று மாலையே பெட்டியைப் பிரித்துவிட்டான்.

ஏகாம்பரத்துக்கு இரண்டு நாள் பேச்சே வரவில்லை. மூன்றாம் நாள், முதல் வாயிலேயே அரித்ததா, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கம்மிய குரலில் சொன்னார்: "சொன்னா நீ பயந்துக்கினு எல்லாத்தையும் கொட்டிடுவ சார்."

கொட்டியிருப்பேன்தான்.

அவர் வேலையிலிருந்து நின்ற நாள்முதல், விடுதியில் புதிதாக எதைச் சமைத்தாலும் முதல் வாய் எனக்கு. இன்றைக்கும் பயந்துகொண்டேதான் வாயில் வைக்கிறேன். ஆனால் விழுங்கிவிடுகிறேன்.