மேடையைச் சுழற்றியவரின் இடுப்பு

மியோஷி கட்சுஹிகோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது நாடகக் கொட்டகையில் இல்லை. அங்கே நடந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லவாவது கௌரவமாக இருந்திருக்கும். காலையில் தன் உடோன் நூடுல்ஸ் கடையில் குனிந்து மாவு மூட்டையைப் பிரித்தார். மூக்கில் மாவு ஏறியது. ஒரு தும்மல் போட்டார். அவ்வளவுதான். குனிந்த மனிதர் நிமிரவில்லை.

மனைவி யாசுயோ வந்து பார்த்தபோது மாவுப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன பண்றீங்க?”

“மாவைப் பாக்குறேன்.”

“அது எங்கயும் ஓடிறாது. வலிக்குதா?”

“கொஞ்சம்.”

அந்த ஊர் ஆண்களுக்குக் காலை வெட்டி எடுத்தாலும் வலி கொஞ்சம்தான். யாசுயோ மூன்று வலி பிளாஸ்திரிகளை ஒட்டி, மேலே துணியைச் சுற்றி இறுக்கினாள்.

“இன்னிக்கு போகாதீங்க.”

“நான் போகலன்னா மேடைய யார் சுத்துறது?”

மற்ற ஏழு பேர் என்று அவள் சொல்லியிருக்கலாம். பாவம் என்று விட்டுவிட்டாள்.

ஊர்க் கோடியில் இருந்த அந்தப் பழைய மரக் கொட்டகையில் மேடையின் நடுவட்டம் சுழலும். மோட்டார் கிடையாது. மேடைக்கு அடியில் இருக்கும் குழிக்கு நரகம் என்றே பெயர். அங்கே நான்கு தள்ளுகட்டைகள், கட்டைக்கு இரண்டு பேர். மேலே வீடும் மரமும் நடிகர்களுமாக ஒரு காட்சி முடிந்தால், கீழே எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளி அடுத்த காட்சியை முன்னால் கொண்டுவர வேண்டும். இருபத்து மூன்று வசந்த காலமாக முதல் கட்டை கட்சுஹிகோவுடையது. எல்லோரும் ஒன்றாகத் தள்ளக் குரல் கொடுப்பதும் அவர்தான். இடம் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. காத்திருப்புப் பட்டியலில் மூன்று பேர், மூவரும் நாற்பதைத் தாண்டாதவர்கள், மூவருக்கும் தொந்தி இல்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஆட்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. போன வருடம் ஒருவருக்குத் தோள், ஒருவருக்கு இடுப்பு என்று போனதால் கமிட்டி புது விதி போட்டது. ஆட்டத்துக்கு முன் எல்லோரும் வானொலியில் சொல்லித்தரும் உடற்பயிற்சியைச் செய்ய வேண்டும். வலி உள்ளவன் சுவரில் தொங்கும் தன் பெயர்ப் பலகையைச் சிவப்புப் பக்கமாகத் திருப்பிவிட்டு மேலே போய் உட்கார வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. இந்தப் பொறுப்புக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது அறிவுக்காக அல்ல, தொண்டைக்காக. அந்த விதியைத் தூரிகையால் பெரிதாக எழுதி ஒட்டியவரும் இந்த மகானுபாவர்தான்.

அந்த வருட ஆட்டத்தின் ஐந்தாம் நாளான அன்று அவர் கொட்டகைக்குள் ஏதோ தட்டு நிறையப் பாத்திரம் சுமப்பவர் மாதிரி நடந்து வந்தார். பலகையைத் திருப்பவில்லை. பிளாஸ்திரி வாசம் தெரிந்துவிடுமே என்று ஒரு கொசுவர்த்தியைக் கொளுத்தி வைத்தார். உடற்பயிற்சி நேரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மற்றவர்கள் குனிய, இவர் ஒன்று, இரண்டு என்று எண்ணினார்.

“இடுப்பால தள்ளாதீங்க, காலால தள்ளுங்க. மூச்ச விட்டுக்கிட்டே தள்ளணும்,” என்று பிரசங்கம் வேறு.

முதல் சுழற்சிக்கு அடையாளமாக, மேலே இரண்டு மரத்துண்டுகளைத் தட்டும் கட்டைத் தாளம் கேட்டது. கட்சுஹிகோ கட்டையில் கை வைத்தார், குரல் கொடுத்தார். கொடுத்ததெல்லாம் குரல் மட்டுமே. காலை ஊன்றியதும் இடுப்பில் மின்னல் வெட்டியது. கட்டையில் தொங்கிக்கொண்டு கூடவே நடந்தார். மேடை என்னவோ சுழன்று நின்றது.

பக்கத்தில் அதே கட்டையைப் பிடித்திருந்த கவாதா, தபால் ஆபீஸ்காரன், வலது தோளை அமுக்கிக்கொண்டு சுவரோரம் சாய்ந்தான்.

“தோள்ல என்னடா?”

“ஒண்ணுமில்லண்ணே.”

“கையத் தூக்கு பாப்போம்.”

கை காது வரைகூடப் போகவில்லை.

“எப்போலேந்து?”

“இப்பத்தாண்ணே. உங்க பங்கையும் சேத்துத் தள்ளினேன். சட்டுனு பிடிச்சுக்கிச்சு.”

“எனக்கு முடியலன்னு உனக்கு யார் சொன்னா?”

“கொசுவே இல்லாத ஏப்ரல் மாசத்துல கொசுவர்த்தி ஏத்துறீங்க. எல்லாருக்கும் தெரியும்ணே.”

“தெரிஞ்சா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?”

“உங்களுக்கு வலிக்குதுன்னு நான் எப்படிண்ணே சொல்றது? நீங்க எங்களுக்கெல்லாம் பெரியவரு.”

கவாதாவுக்கு இரண்டு வயதில் ஒரு மகள். தினமும் கொட்டகை வாசலுக்கு வந்து, அப்பன் தோளில் ஏறித்தான் வீட்டுக்குப் போகும். கட்சுஹிகோவுக்கு அந்த நிமிடம் இடுப்பு வலி மறந்து போனது. அவமானம் அதைவிடப் பலமாக வலித்தது. தன் பெயர் முன்னால் நிற்க வேண்டும் என்பதற்காக அடுத்தவன் தோளை அல்லவா தள்ளியிருக்கிறோம் என்று தோன்றியது. நடந்து போய்ப் பலகையைத் திருப்பினார். கவாதா இடது கையால் தன்னுடையதைத் திருப்பினான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சற்று நேரத்தில் நாலாவது கட்டைக்காரர் ஒருவரும் முழங்காலைத் தடவியபடி வந்து தன் பலகையைத் திருப்பினார். ஆக, நாலு நாளாக அந்த மனிதரும் கட்சுஹிகோ என்ன நினைப்பாரோ என்று பல்லைக் கடித்திருக்கிறார்.

காத்திருந்த மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் முதல் கட்டையைப் பிடித்து, கூச்சத்தோடு ஒரு முறை குரல் கொடுத்துப் பார்த்தான். நன்றாகவே இருந்தது. வலி உள்ளவன் கீழே நிற்கவும் கூடாது என்பது விதி. நின்றால் கை சும்மா இருக்காது. அதையும் எழுதியவர் அவரேதான். முழங்கால்காரர் வைத்தியரிடம் போக, கட்சுஹிகோவும் கவாதாவும் மெல்லப் படியேறி, பார்வையாளர் பகுதியின் கடைசி வரிசைப் பாயில் உட்கார்ந்தார்கள். கட்சுஹிகோவுக்கு உட்காரவே நாலு தவணை ஆயிற்று.

கட்டைத் தாளம் கேட்டது. வீடு, விளக்கு, வாசலில் நின்றிருந்த நடிகர் எல்லாம் ஒரு சத்தமுமில்லாமல் நகர்ந்து விலக, பின்னாலிருந்து பனி மூடிய ஓர் ஆற்றங்கரை மெதுவாக முன்னால் வந்தது. கொட்டகையில் ஒருவரும் இருமவில்லை. முன் வரிசைக் கிழவர் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கட்சுஹிகோ கண்ணைத் துடைத்தார்.

“நான் தள்ளுறப்பவும் இப்படித்தான் இருக்குமாடா?” என்று கேட்டார்.

“தெரியாதுண்ணே,” என்றான் கவாதா. “நானும் உங்க கூடக் கீழதானே இருந்தேன்.”