பக்கத்து சீட்டு பிரேக்

தலையில் இடி விழுவதற்கு முன்னால் ஓர் அறிகுறியாவது வேண்டாமா? பல்லக்காவுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. அன்று காலை அவள் பாட்டுக்குத் துணி காயப்போட்டாள், வாசலைக் கழுவினாள், காரைப் பார்க்க வருகிறவருக்கு டீ போடலாமென்று பாலை அடுப்பில் வைத்தாள். அந்தப் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தபோது, அவள் காரின் முன்சீட்டுக்கு எதிரே கால் வைக்கிற பள்ளத்தில் தலையை விட்டபடி வாயடைத்துப் போயிருந்தாள்.

பல்லக்கா என்பது ஊர் வைத்த பெயர். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் லேபில் வேலை. மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடிக்கும்போது இடிக்காமல் ராவி, பளபளவென்று தேய்த்து அனுப்புவாள். தெருவில் யாராவது சிரித்தால் இவள் முகத்தைப் பார்ப்பதில்லை. "மேல்வரிசை நம்மது, கீழ்வரிசை கடவுளோடது" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு போவாள்.

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரில் பாதிப்பேருக்கு கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்த கால் அவருடையது. அப்படிப்பட்டவரின் பெண்டாட்டிக்கு மட்டும் கார் ஓட்டத் தெரியாது. ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். காரணத்தைக் கேட்டவர்கள் மட்டும் சிரிக்கமாட்டார்கள்.

காரணம் அந்தக் கார்தான். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம். கல்யாணத்துக்கு முந்தியே வாங்கியது. அவர் அதைக் கழுவுகிற அழகைப் பார்த்துப் பல்லக்கா அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். "என்ன, சக்களத்தி குளிச்சாச்சா? இனி நான் குளிக்கலாமா?" என்பாள்.

கல்யாணமான புதிதில் அதில் ஏறினாலே அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். மனுஷன் அவ்வளவு வேகம். ஒருநாள் பாதி வழியில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கம் இருக்குமே, இரண்டாவது பிரேக், அதேபோல ஒன்றை இவள் சீட்டுக்கு முன்னாலும் பொருத்தினார்.

"இனிமே பயமா இருந்தா நீயே மிதி. வண்டி அடங்கிடும்" என்றார்.

மிதித்தாள். அடங்கியது. பல்லக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் புருஷன் தன் வண்டியின் லகானைப் பெண்டாட்டியின் காலடியில் கொண்டுவந்து வைப்பான்? லேபில் எல்லாரிடமும் சொல்லி மாய்ந்துபோனாள். அந்தத் தைரியத்தில் வண்டி ஓட்டவும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள்.

பிறகுதான் அந்த மழை நாள். அவள் தம்பிக்குத் தீயணைப்புத் துறையில் வேலை கிடைத்திருந்தது. அவனைச் சேர்த்துவிடப் போனார்கள். தம்பி பின்சீட்டில் இருந்தான். "நாலு சக்கரமும் ரோட்டைக் கவ்விக்கும் மச்சான், வழுக்கவே வழுக்காது பாரு" என்று வீட்டுக்காரர் பெருமையடித்தபடி ஒரு வளைவில் வண்டியை விட்டார். பல்லக்கா அலறிக்கொண்டு தன் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி சுழன்று, பின்பக்கமாகப் போய்ச் சுவரில் மோதியது.

தம்பியின் வலது முழங்கை நொறுங்கியது. அதற்கப்புறம் அது நிமிரவே இல்லை. தீயணைப்பு வேலை கைநழுவிப் போனது. இப்போது அவன் பஸ் டிப்போவில், பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறான். நெருப்புக்குள் புகுந்து ஆளைத் தூக்கிவர வேண்டியவன், யாரோ மறந்துபோன குடைகளுக்குக் காவல்.

"நான்தான் மிதிச்சேன்... நான்தான் மிதிச்சேன்..." அன்று ஆஸ்பத்திரியில் பார்த்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னது இது ஒன்றுதான். வீட்டுக்காரர் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். அவருக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

அன்றோடு அவள் ஓட்டக் கற்றுக்கொள்வதை விட்டாள். முன்சீட்டையும் விட்டாள். டாக்சியில்கூடப் பின்னால்தான் உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சமைத்து எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போவாள். அவன் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்து இவளுக்குச் சோறு இறங்காது. "விடுக்கா" என்பான் அவன். திட்டித் தொலைத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

பதினாலு வருஷம் இப்படியே போனது. இப்போது வீட்டுக்காரருக்கு முதுகு போய்விட்டது. அந்தத் தாழ்ந்த காருக்குள் விழுந்துவிடலாம், எழுந்திருக்க ஓர் ஆள் கைகொடுத்து இழுக்க வேண்டும். ஒருவழியாக விற்றுவிடலாம் என்று முடிவுசெய்து, விளம்பரத்தைப் போனில் தட்டிக்கொண்டிருந்தார். பல்லக்கா எட்டிப் பார்த்தாள்.

"பக்கத்து சீட்டுல தனி பிரேக் இருக்குன்னு போடலையே?"

"அதெல்லாம் எதுக்கும்மா? கழட்டி எறிஞ்சிடறேன்."

"ஏன் கழட்டணும்? இருக்கறதைச் சொல்லித்தான் விக்கணும். ஆக்சிடென்ட் ஆனதையும் போடுங்க. யார் கேட்டாலும் நான்தான் காரணம்னு சொல்லிக்கறேன்."

அவர் விளம்பரத்தை அப்படியே போட்டார். மறுநாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனார். உள்ளே குனிய முதுகு இடம் கொடுக்கவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரைப் பார்க்க வந்தவர் ஒரு மாட்டு டாக்டரம்மா. சேற்றுப் பாதையில் பண்ணை பண்ணையாகப் போகிறவர். நாலு சக்கர இழுவை என்று படித்ததும் ஓடிவந்திருந்தார். மாட்டுக்குப் பிரசவம் பார்த்துப் பழகிய உடம்பு, எந்தச் சந்திலும் நுழையும். வந்ததும் பேனட்டைத் தூக்கிப் பார்த்தார், டயரைத் தட்டிப் பார்த்தார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கணும் என்றார். அப்புறம் முன்சீட்டைப் பின்னால் தள்ளி, கால் வைக்கிற பள்ளத்துக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தார். வீட்டுக்காரர் இடுப்பில் கையை ஊன்றியபடி கேட் பக்கம் நின்றிருந்தார்.

"சார், இந்த ரெண்டாவது பிரேக் எதோட சேருது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வீட்டுக்காரர் இருமினார்.

"கம்பி இல்லை, ராடு இல்லை. பின்னாடி ஒரு ஸ்பிரிங்தான் இருக்கு. குழந்தைங்க யாராவது விளையாட வச்சதா?"

பல்லக்கா சிரித்தாள். டாக்டரம்மாவுக்கு மாடு தெரியும், மெஷின் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். "தள்ளுங்க, நான் காட்டறேன்" என்று அவளே உள்ளே தலையை விட்டாள். தரையில் ஒட்டியிருந்த ரப்பர் மேட்டை உரித்தாள். இரும்புத் தகட்டில் நாலு போல்ட், பெடல், அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் வெறும் தகரச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. கையால் தடவினாள். மேலே, கீழே, பக்கவாட்டில். ஒன்றுமில்லை. கையால் அழுத்தினாள். கிறீச் என்றது. விட்டதும் துள்ளிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தது.

அடுக்களையில் பால் தீயும் வாடை வந்தது. யாரும் நகரவில்லை.

வெளியே வந்தபோது பல்லக்காவின் முகம் வெளுத்திருந்தது. கார்க்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, இது எதோட சேருது?"

"எதோடயும் சேரலம்மா."

"நான் மிதிச்சா வண்டி நின்னுச்சே?"

"உன் காலை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே ஓட்டுவேன். நீ மிதிச்சா நானும் மிதிப்பேன். உன் பயம் போகணும்னுதான்..."

வேறொரு நாளாக இருந்திருந்தால் இதைக் கேட்டு அவள் உருகிப் போயிருப்பாள். இப்போது கதவை விடாமல் அடுத்ததைக் கேட்டாள்.

"அன்னைக்கு?"

"அன்னைக்கு உன் காலைப் பாக்கலை."

"அப்ப யார் மிதிச்சது?"

"நான்தான். வளைவுல வண்டி கையை மீறிப் போச்சு. பயந்துபோய் ஓங்கி மிதிச்சுட்டேன்." கேட்டின் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டே சொன்னார். "நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ, நான்தான் மிதிச்சேன்னு சொல்லிட்டே. ஊருக்கே டிரைவிங் சொல்லித்தர்றவன்... யார் வருவா என்கிட்ட? நாளைக்குச் சொல்லிடலாம்னு நினைச்சேன். அந்த நாளைக்கு வரவே இல்லை."

பல்லக்காவுக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் பொய்ப்பல் செய்யறவதாங்க" என்றாள். "ஆனா போட்டுக்கறவங்களுக்கு அது பொய்யின்னு தெரியும்."

டாக்டரம்மா தர்மசங்கடத்தோடு கையைத் துடைத்துக்கொண்டார். "நான் இன்னொரு நாள் வரேம்மா."

"வேண்டாம். ஓட்டிப் பாக்கணும்னு சொன்னீங்கல்ல? எடுங்க. வழி நான் சொல்றேன்." வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க பின்னாடி ஏறுங்க."

"என் முதுகும்மா..."

"என் தம்பி உக்காந்த இடம்தான். ஏறுங்க."

ஏறினார். பல்லக்கா முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வண்டி கிளம்பியது. முதல் திருப்பம் வந்ததும் அவள் கால் தானாகப் போய் அந்தப் பெடலை மிதித்தது. வண்டி அதன் போக்கில் போனது. மறுபடி மிதித்தாள். மறுபடி. ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. இந்தத் தகரத்தைச் சுமந்தா இத்தனை வருஷம் ஒழுங்காகத் தூங்காமல் கிடந்தேன் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

வண்டி தம்பி வீட்டு முன்னால் போய் நின்றது. ஹாரன் சத்தம் கேட்டுத் தம்பி வாசலுக்கு வந்தான். பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா! முன்னாடி உக்காந்திருக்கே?"

அவள் பதில் சொல்லாமல் இறங்கி ஒதுங்கி நின்றாள். டாக்டரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வீட்டுக்காரர் எழுந்திருக்க முடியாமல் தவித்தார். வழக்கமாக இவள்தான் கைகொடுத்து இழுப்பாள். இன்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன மாமா, மாட்டிக்கிட்டீங்களா?" தம்பி சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். அந்த முன்சீட்டு சாய்த்தால் நிற்காது, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினான். முழங்கை நிமிராததால் கை எட்டவில்லை. உடம்பையே உள்ளே வளைத்து, இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

"பிடிங்க மாமா."

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல சொல்லுங்க" என்றாள் பல்லக்கா. "அப்புறம் பிடிங்க."

"என்ன சொல்லணும்?" என்று தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நீட்டிய கையை அவன் மடக்கவில்லை.