நீலப் பம்பும் காலாப்பட்டுக்குப் போன பூனையும்

'ஸ்ஸ்க்' என்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் தகரத்தை நாக்கில் வைத்ததுபோல் குளிர்ச்சியாக ஒரு கசப்பு வாசனை. என் சிறுவயது மழைக்காலத்தை நினைத்தால் எனக்கு மண்வாசனை வருவதில்லை, இதுதான் வருகிறது. இன்ஹேலர் என்ற சொல் மருந்துச் சீட்டோடு நின்றுவிட்டது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் அதற்குப் 'பம்ப்' என்று பெயர், அதை வைத்திருந்த என் அக்கா ஆக்னஸுக்குப் 'பம்ப் அடிக்கிற பொண்ணு' என்று பெயர். எனக்கு மட்டும் அப்படி ஒரு பெயர் இல்லையே என்று நான் ஏங்கிக் கிடந்திருக்கிறேன். இரண்டு பெண்களுக்குத் தாயான பிறகு அதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா இருக்கிற வீட்டில் இன்னொரு குழந்தையும் இருக்கிறது என்பதை யாரும் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பதில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். அக்காவுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு. ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்டால் அக்காவின் நெஞ்சுக்குள் யாரோ தூரத்தில் நாதஸ்வரம் பழகுவதுபோல ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். உடனே வீடு முழுக்க அவள் பக்கம் சாய்ந்துவிடும். அம்மா ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். துணித்தூசு அக்காவுக்கு ஆகாது என்று தெரிந்ததும் தையல் மெஷினையே வெளி வராண்டாவுக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, சாரல் அடிக்கிற இடத்தில் முதுகு நனைய உட்கார்ந்து தைத்தார். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி நின்றுபோய், சின்னதாய் ஒரு மின்சார விளக்கு வந்தது. சாம்பிராணி போயிற்று. அக்காவின் தலையணைக்கு மட்டும் தனி உறை, வாராவாரம் வெந்நீரில் போட்டு அலசல். வீடு பெருக்குவது அவளுக்கு ஆகாது என்பதால் துடைப்பம் என் கைக்கு வந்தது. "தண்ணி தெளிச்சிப் பெருக்குடி செலின், தூசி கெளம்புச்சின்னா அவளுக்கு மூச்சு முட்டும்" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், எனக்கும் ஒருநாள் மூச்சு முட்டினால் தேவலை என்று தோன்றும்.

அந்தப் பம்ப் இருந்த இடம் மாதாவின் காலடி. நீலம் ஒன்று, பழுப்பு ஒன்று. பழுப்பு தினமும் காலையும் மாலையும், வாய் கொப்பளிப்போடு சேர்த்து; நீலம் இளைப்பு வரும்போது மட்டும். எனக்குப் பழுப்பின் மேல் ஆசை இல்லை, அது பல் துலக்குவதுபோல ஒரு வேலை. நீலத்துக்குத்தான் சடங்குகள் இருந்தன. அப்பா ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியைச் சூடான கத்தியால் அறுத்து, பம்பின் வாய் கச்சிதமாக நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார். அந்த ஓட்டையில் பம்பைச் செருகி, பாட்டிலின் வாயை அக்கா உதட்டால் கவ்விக்கொள்ள, அம்மா பம்பை அழுத்திவிட்டு அவள் முதுகை மெல்லத் தடவியபடி ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணுவார். அந்தப் பத்து எண்ணும் நேரத்துக்கு இந்த உலகத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் மட்டுமே இருந்தார்கள். நான் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே கமலா சிஸ்டர் என்று ஒரு நர்ஸ் இருந்தார். டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தால், மீதியை எல்லாம் சொல்லித் தருவது அவர்தான். அந்த ஐப்பசியில் ஒருநாள், வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே நான் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்க ஆரம்பித்தேன். தொண்டையை இறுக்கி, அக்காவின் நாதஸ்வரத்தையும் ஓரளவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மாதாவே, சிஸ்டர், இவளுக்குமா?"

கமலா சிஸ்டர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அக்கா மாதாமாதம் ஊதிக் காட்டும் மீட்டரை, முள் ஏறுகிற அந்த வெள்ளைக் குழாயை, என்னிடம் நீட்டி, "நல்லா மூச்சு இழுத்துட்டு ஒரே ஊதா ஊதும்மா" என்றார். சற்று முன்புதான் அக்கா ஊதி முள் நூற்றறுபதில் நின்றதைப் பார்த்திருந்தேன். வீசிங் வந்த பெண் அதைவிடக் கம்மியாக ஊத வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் குழாய் வாய்க்கு வந்ததும், அக்காவை ஒரு விஷயத்திலாவது ஜெயித்துவிட வேண்டும் என்ற வெறி முன்னால் வந்துவிட்டது. கன்னம் வெடிக்க ஊதினேன். முள் இருநூற்று முப்பதுக்குத் தாவியது.

"வீசிங் வந்த பொண்ணு மீட்டரையே ஒடச்சிடும்போல கீதே!" என்று சிஸ்டர் சிரித்தார். வரிசையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள், சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்தது. ஆனால் சிஸ்டர் என்னை அதோடு அனுப்பிவிடவில்லை. ஸ்டெத்தாஸ்கோப்பை என் முதுகில் வைத்து, இங்கே அங்கே என்று நகர்த்தி, அவசரமே இல்லாமல் கேட்டார். அந்தக் குளிர்ந்த வட்டம் முதுகில் ஒட்டியிருந்த நேரம் இன்னும் கொஞ்சம் நீளக்கூடாதா என்றிருந்தது. "சுத்தமா இருக்குது" என்று சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக, "வீட்ல கோழி, பூனை எதனா வளக்குறீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது அம்மாவை. பதில் சொன்னது நான். யாரோ ஒருவர் என் முதுகைத் தொட்டுக் கேட்ட பெருமையில் துள்ளிக்கொண்டு சொன்னேன்: "பூனை கீது சிஸ்டர்! சாம்பல் கலரு. எங்ககூடதான் படுத்துக்கும், போர்வைக்குள்ள!"

சிஸ்டர் அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, இத்தனை மாசமா தூசி, புகைன்னு எல்லாம் சொன்ன, இத மட்டும் சொல்லலியே."

மறுநாளே, காலாப்பட்டுக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் தெருவில் மீன் விற்கும் மீன்காரம்மாவின் காலிக் கூடையில், மேலே ஒரு துணி கட்டப்பட்டு என் பூனை போயிற்று. "அங்க மீனா தின்னுக்கினு ராணி மாதிரி இருக்கும்டி" என்றார் அம்மா. கூடைக்குள்ளிருந்து அது கத்திய கத்தல் தெருமுனை திரும்பும்வரை கேட்டது. அழுதுகொண்டே நான் அம்மாவிடம் கேட்டேன்: "அவளுக்காக எல்லாத்தையும் அனுப்புறியே, என்னை எப்ப அனுப்புவ?" அம்மா அக்காவுக்கு அடுத்த வேளை பம்ப் அடிக்கப் போய்விட்டார்.

பம்பை நான் எடுத்தது அதற்குப் பிறகுதான். சாயங்காலம் அம்மா வராண்டாவில் தைத்துக்கொண்டிருக்க, அக்கா பாடம் படித்துக்கொண்டிருக்க, நான் மாதாவின் காலடியிலிருந்து நீலத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் காற்றிலே அழுத்துவேன். ஸ்ஸ்க், ஸ்ஸ்க். முதல்நாள் ஒருதரம் வாய்க்குள்ளும் அடித்துப் பார்த்தேன்; நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை நடுங்கியது, பயந்துபோய் அதன்பின் வாயில் வைக்கவில்லை. காற்றில்தான். பூனைக்கு ஒன்று, துடைப்பத்துக்கு ஒன்று, அக்காவின் நோட்டுக்கு மட்டும் அம்மா போட்டுக் கொடுத்த அட்டைக்கு ஒன்று. அதில் இருப்பது மருந்து, இத்தனை தடவைக்கு மேல் வராது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அழுத்தினால் சத்தம் வருகிறது, எத்தனை அழுத்தினாலும் வருகிறது, எனவே அது தீராது என்று நினைத்தேன். பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். அந்த வருடம் மழை விடாததால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போய், ஈரச் சுவரைச் சுரண்டிப் பூஞ்சையும் சுண்ணாம்புமாக வீடு முழுக்கப் பறந்த ஒரு மத்தியானத்தில், பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்த அக்காவை அவர்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோள் இரண்டும் காதைத் தொட்டன. அம்மா பாட்டிலில் பம்பைச் செருகி அழுத்தினார். பத்து எண்ணினார். மறுபடியும். மறுபடியும். ஸ்ஸ்க் என்று சத்தம் சரியாகவே வந்தது, ஆனால் அக்காவின் உதடு நீலமாகிக்கொண்டே போயிற்று. "பம்ப் வேல செய்யுதே, ஏன் கேக்க மாட்டேங்குது" என்று அம்மா அலறியது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. பிறகு நாதஸ்வரமும் நின்றுவிட்டது. சத்தம் நின்றதும் குணமாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அது எவ்வளவு மோசமான அறிகுறி என்று இப்போது தெரியும். ஆட்டோவில் அப்பா மடியில் அக்கா, அம்மா மடியில் நான். அந்த நிலையிலும் அம்மாவின் மடி எனக்குக் கிடைத்ததில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனும் மருந்துப் புகையும் வைத்து, ஊசி போட்டு, சாயங்காலத்துக்குள் அக்கா பேசத் தொடங்கினாள். கமலா சிஸ்டர் பம்பைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "காலிம்மா இது. எப்ப வாங்கினது? எத்தனை தடவ அடிச்சன்னு எண்ணி வச்சியா?"

"இல்ல சிஸ்டர். காலின்னா மெதக்கும்னாங்க, போன வாரம் தண்ணியில போட்டுப் பாத்தேன், முழுசா மெதக்கல. இன்னும் இருக்குதுன்னு நெனச்சிக்கினேன்."

"தண்ணியில போட்டா ஒண்ணும் தெரியாது. மருந்து தீந்தாலும் உள்ள இருக்கிற வாயு சத்தம் குடுத்துக்கினேதான் இருக்கும். எண்ணித்தான் ஆகணும். சரி, பழுப்பு பம்ப்?"

அம்மா தலை குனிந்தார். பக்கத்து வீட்டு அமலியம்மா, "தெனமும் அடிச்சா பழக்கமாயிடும்டி, பொட்டப் புள்ள, நாளைக்கு மாப்ள வீட்ல தெரிஞ்சா இன்னா பண்ணுவ?" என்று சொல்லியிருந்தார். அக்காவுக்கு இரண்டு வாரம் நன்றாக இருந்ததும் அம்மா பழுப்பை நிறுத்திவிட்டார். "நல்லா இருக்கும்போதும் அடிக்கிறதுதாம்மா அது. நல்லா இருக்கிறதே அதனாலதான்" என்றார் சிஸ்டர், கோபமில்லாமல். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "என் புத்தியாலதான், என் புத்தியாலதான்" என்று அழுதார். நான் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அக்கா இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள், பழுப்பை ஒழுங்காக அடித்துக்கொண்டு காலையில் ஓடவும் ஓடுகிறாளாம். ஆறு மாதத்துக்கு முன்னால் என் மூத்தவளுக்கு அதே நாதஸ்வரம் தொடங்கியது. கடற்கரையில் பிள்ளைகளை ஓடவிட்டு அலட்சியமாகப் பேசிக்கொண்டிருக்கும் மற்ற அம்மாக்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பொறாமைக்கு ஆள்தான் மாறியிருக்கிறது. படித்தவள், எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறேன். செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தேனா என்று மறுபடியும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

புதுப் பம்பைப் பிரித்த அன்று அம்மா வந்திருந்தார். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாதிரி தண்ணியில போட்டுப் பாத்துக் கெடுத்துடாதடி. அன்னைக்கு என் புத்தியாலதான் அவ சாவப் பாத்தா" என்றார். இருபது வருடத்துக்கு மேலாகியும் வார்த்தை மாறவில்லை. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. குளியலறை, குழாய்ச் சத்தம், பூனைக்கு ஒன்று, துடைப்பத்துக்கு ஒன்று, எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா வெகுநேரம் பம்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருசமா நான்தான் நான்தான்னு கோயில்ல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூடச் சொல்லிக்கினு வந்தேனேடி" என்றார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "பூனைய அனுப்பினது சரிதான். ஆனா உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்பியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். எழுந்துபோய் உலை வைத்தார்.

அடியறுத்த தண்ணீர் பாட்டில் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அதன் இடத்தில் கடையில் வாங்கிய குழாய், முகமூடியோடு. வராண்டாவும் இல்லை, தையல் மெஷினும் இல்லை. சத்தம் மட்டும் கொடுத்து ஏமாற்றும் பம்பும் எங்கள் வீட்டில் இல்லை. என் மகளுடையதன் முதுகில் ஒரு சின்ன ஜன்னல், அதில் இன்னும் எத்தனை தடவை மிச்சம் என்று எண் தெரிகிறது. நேற்று அதில் எழுபத்திரண்டு. மூத்தவளுக்கு அடித்து, முதுகைத் தடவி, பத்து எண்ணி முடித்தபோது, கதவோரத்தில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். தோளைத் தூக்கி ஒருதரம் இருமினாள். என்னைப் பார்த்தாள். இன்னொருதரம் இருமினாள்.

"அம்மா, எனக்கும் வீசிங்."

நான் சிரிக்கவில்லை. கிட்டே அழைத்து, சட்டையைத் தூக்கி, அவள் முதுகில் காதை வைத்தேன். உள்ளே ஒன்றுமில்லை, சுத்தமான மூச்சு, போவதும் வருவதுமாக. முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் காதை எடுக்காமல், இங்கே அங்கே என்று நகர்த்தி, அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.