ஏரிக்கரைக் கதவு

யுத்த காலத்தில், ஆவடிக் கிடங்கின் கூலிகளுக்கு இலவச வைத்தியச் சீட்டு எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே மூட்டை தூக்கும் ஒருவர், காகிதத்தின் அருகே வருமுன் கைகளை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர் மனைவிக்கு நாலு நாளாகக் காய்ச்சல்.

"கதவு நம்பர் இல்லாம சீட்டு தர முடியாதுப்பா," என்றேன். ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லாரும் முதல் நாளே வாங்கிப் போயிருந்தார்கள். இவருக்கு ஏரிக்கரையில் குடிசை.

மறுநாள் காலை, குடிசையின் ஓலைக் கதவையே பெயர்த்துத் தலையில் சுமந்து வந்தார். அதில் சுண்ணாம்பால் ஒன்று என்று எண் போட்டிருந்தது.

"நம்பர் போட்டுக்கினு வந்துட்டேன் சாமி. சீக்கிரம் எழுதுங்க. ஊடு தொறந்து கீது, அவ குளிர்ல நடுங்கிக்கினு கீறா."

கதவு எண்ணுக்கான கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். அடுத்த கட்டம் தெருவின் பெயரைக் கேட்டது. அவர் மறுபடியும் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.