விருத்தா டீச்சரின் கிரகப் பாடம்

முதலில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்கிறார் விருத்தாம்பாள். பள்ளி முற்றத்துப் புங்கமரத்தடியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், "சூரியனை நேரா பாக்க மாட்டேன், யார் சொன்னாலும் பாக்க மாட்டேன்" என்று கத்துகிறார்கள். வாயசைக்காத ஒருவனுக்கு முதுகில் தட்டு விழுகிறது. அவனுக்காக எல்லோரும் மறுபடி சொல்ல வேண்டும். அப்புறம்தான் பாடம்.

நெட்டையான சக்கரவர்த்தி நடுவில் நிற்கிறான், அவன் சூரியன். புதன் அவனை ஒட்டி மூச்சுவாங்க ஓடுகிறது. பூமியாகச் சுற்றும் சிறுமியைச் சுற்றிக்கொண்டு இன்னொருத்தி நிலாவாக ஓடுகிறாள். சனிக்கு அவசரமில்லை, மதில் ஓரமாக நடந்தால் போதும்.

"சூரியன் இழுத்துகினே கீதுன்றீங்களே, அப்ப ஏன் டீச்சர் எல்லாம் அதுல போய் வுழல?"

"அது இழுத்துகினே இருக்குது. இதுங்க நிக்காம ஓடிகினே இருக்குதுங்க. ஓட்டம் நின்னா வுழுந்துடும்."

பக்கத்து ஊரான சேத்துப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் ஆரணிக்கு வருகிறவர். குரல் கரகரப்பு. வெயிலோ மழையோ, கறுப்புக் குடை இல்லாமல் வெளியே வரமாட்டார். மணி அடித்ததும் மற்ற வகுப்புகள் தெருவுக்குப் பாய்ந்துவிடும். இவர் வகுப்பு மட்டும் பாயாது. வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். கடைசியாகச் சொன்னதை ஒவ்வொரு பிள்ளையும் திருப்பிச் சொன்னால்தான் வழி. "இந்தம்மாகிட்ட ஒரே பேஜாருங்க" என்றார் வெளியே காத்திருந்த ஒரு தகப்பன்.

முன்பெல்லாம் அவர் அப்படி வாசலை மறித்ததில்லை. எண்பதாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சூரிய கிரகணம் வந்தது. முந்தின நாள் கடைசி வகுப்பில் இதே விளையாட்டை வைத்து அதை விளக்கினார். ராகுவும் இல்லை, பாம்பும் இல்லை. நிலா குறுக்கே வருகிறது, அவ்வளவுதான், பயப்படாதீர்கள் என்றார். மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள்.

"வெறுங்கண்ணால பாக்காதீங்கன்னு சொன்னேங்க. சொன்னது நல்லா ஞாபகம் இருக்குது. மணி அடிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா, அதுதான் தெரியல" என்றார் என்னிடம்.

மறுநாள் பிற்பகல் நெசவுக்காரத் தெரு முழுவதும் கதவடைத்துக் கிடந்தது. தறிகள் நின்றன. தண்ணீர்ப் பானைகளில் தர்ப்பையைப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பட்டு நெய்யும் வீரபாகுவின் மகள் தெய்வநாயகி, எட்டு வயதுக்காரி, புழக்கடைக் கதவைத் திறந்துகொண்டு போய் அண்ணாந்து நின்றாள். அவளுக்குப் பயமில்லை. தேய்ந்து அரிவாள் போலான சூரியனை ஆசை தீரப் பார்த்தாள்.

காலையில் எழுந்தவள் தாயின் முகத்தைத் தடவினாள். "அம்மா, உன் மூஞ்சி எங்கம்மா? காது மட்டும்தான் தெரியுது."

வேலூருக்குக் கொண்டுபோனார்கள். விழித்திரையின் நடுப்பகுதி வெந்துவிட்டது, மருந்தில்லை என்றார் டாக்டர். எதை நேராகப் பார்க்கிறாளோ அது இல்லாமல் போகும். ஓரங்கள் மட்டும் மிஞ்சும். எழுத்து தெரியாது. இழை தெரியாது.

தாய் கற்பகம் வகுப்புக்கே வந்தாள். திட்டவில்லை. பிள்ளைகளுக்கு நடுவில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ராகு இல்லன்னு சொன்னீங்களே டீச்சர். அப்ப எம்புள்ள கண்ண முழுங்கனது யாரு?"

ராகு உண்டென்பதற்கு ஆரணியில் அதன்பிறகு வேறு சாட்சி தேவைப்படவில்லை. சிலர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். "அந்தப் பாடத்த மட்டும் வுட்டுடுங்கம்மா" என்றார் தலைமையாசிரியர்.

"வுட்டா, அடுத்த புள்ள ஒண்ணும் தெரியாமலே பாக்கும் சார்" என்றார் இவர். விடவில்லை. ஆனால் நெசவுக்காரத் தெரு வழியாகப் போவதை விட்டார். பஸ் நிலையத்துக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

இது நடந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. பாடத்தைப் பார்க்கப் போயிருந்த நான் அவரோடு பஸ் நிலையத்துக்கு நடந்த அன்று சுற்றுவழியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது, ஆள் போக இடமில்லை. நெசவுக்காரத் தெருவுக்குள் திரும்பினார். நடை வேகமாகியது. ஒரு வீட்டு வாசலில் பாவாடை தாவணியில் ஒரு பெண், கைத்தடவலிலேயே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ கேட்க, இவர் பதில் சொன்னார். ராட்டை நின்றது.

"விருத்தா டீச்சரா?"

கேட்டவள் வெடுக்கென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம் என்றுதான் நினைத்தேன். இவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். குடைக்குள் தலை குனிந்து, ஓரடி பின்வாங்கினார்.

உள்ளிருந்து கற்பகம் வந்தாள். டீச்சரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "கோவமில்ல. நேரா பாத்தா அதுக்கு ஒண்ணும் தெரியாது. அப்பிடித் திரும்பனாதான் எதிர்ல இருக்கறவங்க மூஞ்சி கொஞ்சம் தெரியும். உங்களத்தான் பாத்துகினு கீது."

விருத்தாம்பாள் குடையை மடக்கினார். வீட்டுக் கூரைகளின் நிழலை விட்டு நடுத்தெருவுக்கு வந்து, முகத்தில் வெயில் முழுக்க விழும்படி நின்றார். அந்தப் பெண் மறுபடி ராட்டையைச் சுற்றத் தொடங்கும்வரை அவர் அசையவில்லை.