கன்னத்தில் இருந்த பச்சை

எனக்கு நிறங்கள் சரியாகத் தெரியாது என்பது இருபத்து நாலு வயதில்தான் எனக்கே தெரிந்தது. அதுவும், நிறங்களைச் சரிபார்ப்பதே என் வேலையாக இருந்தபோது.

செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வருவேன். சினிமா கிராபிக்ஸ் செய்யும் சின்ன ஸ்டூடியோ. முதல் இரண்டு வருடம் எனக்கு வெட்டும் வேலை. ஓடுகிற நடிகரைச் சுற்றிப் பிரேம் பிரேமாகக் கோடு போட்டு, பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பொறுமை இருந்தால் போதும். எனக்கு அது நிறையவே இருந்ததால் அடுத்த படிக்கு ஏற்றிவிட்டார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

புது வேலையில், பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்த காட்சியில் பச்சையை நீக்கிவிட்டு வேறொரு இடத்தைப் பொருத்த வேண்டும். அந்தத் திரையின் நிறம் நடிகர்களின் முடியோரத்திலும் கன்னத்திலும் லேசாகப் படிந்திருக்கும். அதையும் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டேன் என்று நினைத்து நான் அனுப்பிய ஷாட் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது. ஆறாவது முறை எங்கள் டீம் லீட் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“இன்னாப்பா இது, அந்தப் பொண்ணு மூஞ்சில பாசி புடிச்சாப்புல கீது? உனக்குத் தெரியலையா?”

“தெரியுதுக்கா. சரி பண்ணிட்றேன்.”

பொய். எனக்கு அது எல்லோருடைய கன்னத்தையும் போலத்தான் இருந்தது.

இரண்டு மாதம் இப்படி ஓட்டினேன். பக்கத்து சீட்டில் இருப்பவர்களிடம் “ஒரு தடவ பாத்து சொல்லுங்களேன்” என்று விளையாட்டுபோலக் கேட்பேன். எனக்குத் திறமை இல்லை என்று முடிவே செய்துவிட்டேன். மானிட்டரையே பார்த்துத் தலைவலி வந்ததால், ஒரு சனிக்கிழமை செங்கல்பட்டில் கண் டாக்டரிடம் போனேன். அம்மாவும் கூட வந்தாள். டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து, வண்ணப் புள்ளிகள் நிறைந்த வட்டத்தைக் காட்டினார்.

“இதுல என்ன நம்பர் தெரியுது?”

“இதுல நம்பர் இருக்கா டாக்டர்?”

அம்மா திருக்கழுக்குன்றத்தில் பள்ளி ஆசிரியை. இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அங்கே சொன்னாள்: “சின்ன வயசுல மரம் வரைஞ்சா இலைக்கெல்லாம் பிரவுன் அடிச்சு வெப்ப. ஒழுங்கா கலர் அடிடான்னு உன்ன ஸ்கேலால அடிச்சிருக்கேன்.” அத்தனை கூட்டத்தின் நடுவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அந்த அடி ஞாபகமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தோடு அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை.

“ரெண்டு மாசமா இத மனசுல வெச்சுகினு இருந்தியா? பேஜாருப்பா உன்னோட. உக்காரு.”

மவுஸை அந்தக் கன்னத்தின் மேல் வைத்தார். திரையின் ஓரத்தில் சிவப்புக்கு, பச்சைக்கு, நீலத்துக்கு என்று மூன்று எண்கள் வந்தன. “கண்ண நம்பாத, இத படி. மத்த ரெண்டோட சராசரிய பச்சை தாண்டுச்சுன்னா, கறை கீதுன்னு அர்த்தம்.”

அன்று முதல் எண்களைப் படித்து வேலை செய்தேன். நேரம் பிடித்தது, ஆனால் ஷாட்கள் திரும்பி வருவது குறைந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா தினமும் பத்து நிமிடம் என் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பார். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. சில மாதம் கழித்து ஒரு படத்தின் கடல் காட்சி வந்தபோது, அவரே நிர்வாகத்திடம் பேசி என்னை அதில் போட்டார். “கலர நான் பாத்துக்கிறேன். அலையோட அசைவ நீ பாரு.”

நான் செய்த அலைகள் ரவை கேசரிபோலக் குலுங்கின. எதனால் என்று பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போய், ஒரு மீனவரைக் கேட்டுக்கொண்டு அவருடைய பைபர் படகில் ஏறினேன். கால்மணி நேரத்தில் குடலே வெளியே வந்துவிட்டது.

“இன்னா சார், கம்ப்யூட்டர்ல கடல் உடறேன்னீங்க. நெசக் கடல் ஒத்துக்கலையா?” என்று சிரித்தபடி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

விளிம்பைப் பிடித்துக் குனிந்திருந்தபோதுதான் கவனித்தேன். அலை எங்களைத் தாண்டிப் போய்விட்டது, நுரை போகவில்லை. இருந்த இடத்திலேயே கிழிந்து, வலைபோல விரிந்து, மெதுவாகக் கரைந்தது. நான் நுரையையும் அலையோடு ஓடவிட்டிருந்தேன். வாந்திக்கு நடுவில் போனை எடுத்துப் படம் பிடித்தேன். அந்த வாரம் ஷாட் ஓகே ஆனது.

படம் வெளிவந்ததும் அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். கடல் வந்தபோது “இதுல நீ பண்ணது எது?” என்று கேட்டாள். “கடல்தாம்மா” என்றதும் என் முகத்தையே பார்த்தாள். இடைவேளையில் அக்காவுக்குப் போன் போடச் சொன்னாள். “ஒருநாள் எங்க வூட்டுக்கு சாப்பிட வாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தார். வத்தக்குழம்பை இரண்டாம் முறை ஊற்றும்போது, “எம் புள்ளய கைவிடாம பாத்துக்கிட்டே” என்றாள் அம்மா.

“அட நீங்க வேற! மொத வருஷம் எம் ஷாட் திரும்பி வந்தப்ப, நானும் பாத்ரூம்ல போய் அழுதுகினு இருந்தவதாம்மா.”

அதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். அம்மா சிரித்தபடி அவர் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தாள்.