கன்னத்தில் முளைத்த முடி

புற்றுநோய் சிகிச்சையில் உதிர்ந்த தலைமுடி திரும்ப வளர்ந்துவிட்டது. இமை முடி மட்டும் வரவில்லை. எனக்கு மாமல்லபுரம் கடற்கரையில் சங்கு, சிப்பிப் பொருள் விற்கும் கடை. காற்றடித்தால் மணல் நேராகக் கண்ணுக்குள் விழும். கண்ணைத் திறக்க முடியாமல், கடையைப் பாதியில் மூடிவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு.

செங்கல்பட்டு கண் டாக்டர் இமை முடி வளர ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ராத்திரி ஒரு வேளை, மேல் இமை ஓரத்தில் மட்டும், புது பிரஷ்ஷால் தடவச் சொன்னார். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்றார். காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. சின்ன வயதிலிருந்து மை இட்டுப் பழகிய விரலால் கீழ் இமையிலும் வழிய வழிய இழுத்தேன். காலையிலும் இழுத்தேன்.

கண் சிவந்து எரிந்தது. ஒருநாள் பக்கத்துக் கடை செல்வி என் முகத்தருகே குனிந்து, "இன்னாக்கா, கன்னத்துல முடி மொளைச்சிகினு கீது?" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே பூனைமுடி கறுத்து நின்றது. மருந்தைக் கடலில் வீசிவிடலாம் போலிருந்தது.

டாக்டரிடம் ஓடினேன். "இந்த மருந்து எனக்கு ஆகாது சார்" என்று கதறினேன்.

அவர் என் கன்னத்தைப் பார்த்தார். "மருந்து நல்லாத்தான் வேலை செய்யுதும்மா. நீங்க போட்ட எடத்துல மொளைச்சிருக்கு."

கண் ஆறும்வரை நிறுத்தச் சொன்னார். பிறகு தினமும் ராத்திரி முகம் கழுவி, மேல் இமையில் பிரஷ்ஷால் ஒரே கோடு. வழிந்ததை உடனே ஒற்றி எடுத்தேன்.

நேற்று கடைக் கண்ணாடியில் பார்த்தேன். என் இமை முடியில் ஒரு மணல் துகள் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டிவிட மனசே வரவில்லை.